நேற்றுக் கரைத்த குளுக்கோஸ்

ஜூலை 1, திங்கள்

என் கெய்டு மேடம் இன்று என் ஆய்வகக் குறிப்பேட்டைத் திருப்பித் தந்துவிட்டார். பக்க ஓரங்களில் நான் எழுதி வைத்திருந்த "குழாயில் இன்றும் தண்ணீர் வேலைநிறுத்தம்", "பேச்சிமுத்து மதியம் தூங்கினார்" போன்ற அரிய தகவல்களையெல்லாம் சிவப்பு மையால் அடித்திருந்தார். "இசக்கி, இதுல நம்பர் மட்டும் இருக்கட்டும். மிச்சத்த வேற எங்கயாவது எழுதிக்கோ" என்றார். எழுதிக்கொள்கிறேன். இதுதான் அந்த வேற எங்கயாவது.

என்ன ஆராய்ச்சி என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால் "சர்க்கரை" என்பேன். உடனே பெரியப்பா தன் சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் அளவுகளை ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவார். அதற்கு மேல் யாரும் என்னைக் கேட்பதில்லை. உண்மையில் நான் செய்வது, சர்க்கரை எவ்வளவு வேகமாக ஆக்சிஜனேற்றம் ஆகிறது என்று அளப்பது. சும்மா விட்டால் அது நாள் கணக்கில் நகராது. ருத்தேனியம் என்ற உலோகத்தின் உப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் சேர்த்தால் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி மளமளவென்று நடக்கும். வெளிச்சம் படாதபடி கறுப்புச் சாயம் பூசிய குடுவையில் எல்லாவற்றையும் கலந்து, ஸ்டாப்வாட்ச்சைத் தட்டிவிட்டு, அவ்வப்போது கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, ஹைப்போ என்ற உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஸ்டார்ச் தரும் நீலம் எப்போது மறைகிறது என்று பார்க்க வேண்டும். பார்த்ததைப் புள்ளியாக வைத்தால் கோடு வரும். கோடு நேராக வந்தால் அன்றைக்கு நல்ல நாள்.

என் மேசையின் அடுத்த பாதி பேச்சிமுத்துவுடையது. கடையத்துப் பக்கத்துக் கிராமம். இரண்டு பஸ் மாறி, வெயில் ஏறிய பிறகுதான் வருவார். சாப்பிட்டதும் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்குவார். மொத்தம் மூன்று சட்டை. இன்று கோடு போட்டது. எனக்கு அதைப் பற்றி ஒன்றும் இல்லை, பக்கத்தில் இருப்பதால் கண்ணில் படுகிறது.

ஜூலை 3, புதன்

மேடம் எங்கள் இருவருக்கும் ஒரே வேலையைக் கொடுத்திருக்கிறார். ஃப்ரக்டோஸ், பிறகு குளுக்கோஸ். இரண்டு பேர் தனித்தனியாகச் செய்து விடை ஒத்துப்போனால்தான் கட்டுரை அனுப்புவாராம். அவசரம் எனக்கில்லை, பேச்சிமுத்துவுக்குத்தான். மாதக் கடைசியில் ஆய்வுக்குழு கூடுகிறது. போன முறையே "முன்னேற்றம் போதாது" என்று எழுதிவிட்டார்கள். இந்த முறை உருப்படியாக ஏதாவது காட்டாவிட்டால் அவருடைய பிஎச்.டி. பதிவை ரத்து செய்துவிடுவார்கள். வீட்டைப் பார்த்து நடையைக் கட்ட வேண்டியதுதான்.

ஃப்ரக்டோஸ் ஒத்துப்போனது. அச்சு அசல். "பரவாயில்லயே, நம்ம ரெண்டு பேருக்கும் ஒத்துப் போகுதே" என்றார் அவர். சர்க்கரையைத்தான் சொன்னார்.

ஜூலை 4, வியாழன்

குளுக்கோஸ். கோடு வளைந்தது.

ஜூலை 5, வெள்ளி

மறுபடியும் வளைந்தது. ஆரம்பத்தில் மெதுவாகப் போகிறது, போகப்போக வேகம் பிடிக்கிறது. புது மருமகள் மாதிரி. அதுவும் நேற்றைய வளைவும் இன்றைய வளைவும் ஒன்றில்லை.

ஜூலை 8, திங்கள்

என் பக்கம் பிழை இருக்க வாய்ப்பே இல்லை. கண்ணாடிச் சாமான்களைக் குரோமிக் அமிலத்தில் ஊறப்போட்டுக் கழுவினேன். ஹைப்போவைப் புதிதாகத் தயாரித்தேன். ஸ்டார்ச் அன்றன்றைக்குக் காய்ச்சியது. குளுக்கோஸும் தினமும் காலையில் கரைத்து உடனே பயன்படுத்துகிறேன். இது மேடத்தின் வேதவாக்கு. "பழைய கரைசல்ல வேல செய்யிறதும் குளிக்காம கோயிலுக்குப் போறதும் ஒண்ணு" என்பார். பழைய சர்க்கரைத் தண்ணீரில் பூஞ்சை பிடிக்கும் என்பது அவர் பயம். ஆறு வருஷத்தில் நான் ஒரு நாளும் குளிக்காமல் கோயிலுக்குப் போனதில்லை.

இருந்தும் வளைகிறது. சாயங்காலம் அம்மாவிடம் காரணமில்லாமல் சிடுசிடுத்தேன். தோசை மாவு புளித்துவிட்டதாம், அதற்கும் நான்தான் காரணமாம்.

ஜூலை 9, செவ்வாய்

பேச்சிமுத்து டீ குடிக்கப் போன நேரத்தில் அவருடைய வரைபடம் மேசையில் திறந்து கிடந்தது. எட்டிப் பார்க்கவில்லை. கழுத்து அந்தப் பக்கம் திரும்பியிருந்தது, அவ்வளவுதான்.

கோடு நேர்கோடு. நூல் பிடித்துக் கட்டிய மல்லிகைச் சரம் மாதிரி ஒவ்வொரு புள்ளியும் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒன்றல்ல, நான்கு வரைபடம். நான்கும் அப்படியே. வேகமும் ஒன்றே.

சாப்பிட்டுத் தூங்குகிற மனிதருக்கு இவ்வளவு நல்ல கோடு எப்படி வரும்? எங்கள் பேச்சில் இதற்குச் சமையல் என்று பெயர். விடை என்ன வர வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற எண்களைப் பின்னால் இறக்கி வைப்பது. கூட்டம் நெருங்குகிறது, கழுத்தில் கத்தி. செய்யக்கூடியவர்தான் என்று சொல்லவில்லை. செய்யமாட்டார் என்று எப்படிச் சொல்வது?

ஜூலை 11, வியாழன்

மேடம் கேட்டார்: "ஏன் ரெண்டு பேருக்கும் ஒத்துவரல?"

"அவர் பாயின்ட் எல்லாம் ரொம்ப நல்லா இருக்கு மேடம்" என்றேன்.

"நல்லா இருந்தா நல்லதுதானே."

"ரொம்ப நல்லா இருக்கு மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "இஷ்டத்துக்கு நம்பரப் போட்டு எழுதிருக்கான்னு சொல்லுதியா?"

"நான் அப்படிச் சொல்லல மேடம்."

"அப்ப என்னதான் சொல்லுத?"

"என்னால நம்ப முடியல."

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். கேட்டார்கள், சொன்னேன். அறிவியலில் தாட்சண்யம் கூடாது. ஆனால் வெளியே வந்தபோது பேச்சிமுத்து, "மேடம் என்ன, நல்ல மூடா?" என்று சிரித்தார். நான் பாட்டிலைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

ஜூலை 12, வெள்ளி

மேடம் அவரைக் கூப்பிட்டார். கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்தவர் என்னைப் பார்த்தார். திங்கட்கிழமை காலையில் வந்து, என் கண்முன்னால், குளுக்கோஸை எடை போடுவதிலிருந்து கடைசிச் சொட்டு வரை செய்து காட்ட வேண்டுமாம். உத்தரவு.

ஜூலை 15, திங்கள்

முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். எனக்கு முன்பே கதவருகில் நின்றார். நெற்றியில் திருநீறு.

எடை போட்டார், கரைத்தார், கலந்தார், ஸ்டாப்வாட்ச்சைத் தட்டினார். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தேர்வு மேற்பார்வையாளர் மாதிரி இருந்தேன் என்று எனக்கே தெரிந்தது. கை சுத்தமாக வேலை செய்தார், அதைச் சொல்ல வேண்டும். ஒரு சொட்டு வீணாகவில்லை.

கோடு வளைந்தது. என் கோட்டைப் போலவே.

அவர் அந்த வரைதாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பென்சிலை மெதுவாக மேசையில் வைத்தார். "சரி" என்றார். என்னிடமா, மேடத்திடமா, தாளிடமா தெரியவில்லை. டிபன் டப்பாவைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

ஆக, நான் சொன்னதுதான் சரி. மதியம் தயிர்சாதம். உப்புப் போட்டேனா இல்லையா என்று கடைசிவரை தெரியவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

வரவில்லை.

ஜூலை 18, வியாழன்

மேசை இப்போது முழுசும் எனக்குத்தான். கையை நீட்டி மடக்க வசதியாக இருக்கிறது. சொட்டு விடும் ப்யூரெட் ஸ்டாண்டை அந்தப் பக்கமும் வைக்கலாம். வைக்கவில்லை.

டிபன் டப்பா நாற ஆரம்பித்துவிட்டதால் கழுவி வைத்தேன். ஆய்வகச் சுகாதாரம் கருதி. எலுமிச்சைச் சாதம், கூட மாவடு. மாவடுவில் பாதியை எனக்கென்று ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த மாதிரி இருந்தது. அப்படித் தெரிய வேண்டும் என்று நான் பார்த்திருக்கலாம்.

மேடம் பேச்சிமுத்துவைப் பற்றி ஆய்வுக்குழுவுக்குக் குறிப்பு அனுப்பிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம்.

ஜூலை 22, திங்கள்

ஆடிக் காற்று ஜன்னலைப் பெயர்த்துவிடும் போல அடிக்கிறது. காலையில் வழக்கம்போல் குளுக்கோஸைக் கரைத்து வைத்தேன், உடனே, குடுவைகளை ஒரே சூட்டில் வைத்திருக்கும் வாட்டர் பாத் புகைந்தது. உள்ளே கம்பி போய்விட்டது. எலக்ட்ரீசியன் சப்பாணியா பிள்ளை வருவதாகச் சொன்னது காலையில், வந்தது மதியம். வந்தவர், "இந்தத் தண்ணிய சுட வைக்கத்தான் கவர்மென்ட் ஒங்களுக்குப் பணம் தருதா?" என்று விசாரித்தார். ஆமாம் என்றேன்.

அவர் போனபிறகு மறுபடியும் எடை போட்டுக் கரைக்க எனக்குத் தெம்பில்லை. காலையில் கரைத்ததையே எடுத்துச் சோதனையை ஓட்டிவிட்டேன். குளிக்காமல் கோயிலுக்குப் போயாயிற்று. எப்படியும் வளையப்போகிறது, பழசாக இருந்தால் என்ன என்ற அலட்சியம்.

நேர்கோடு வந்தது. வேகம், பேச்சிமுத்து எழுதியிருந்த அதே எண்.

இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டை மூடினேன். ஏதோ தற்செயல். இதற்கு மேல் இன்று எழுதவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

தற்செயல் இல்லை.

காலையில் புதிதாகக் கரைத்து உடனே ஓட்டினேன்: வளைந்தது. அதே பாட்டிலைத் தொடாமல் வைத்திருந்து மதியம் ஓட்டினேன்: நேர்கோடு. நடுவில் ஒரு டீ குடித்துவிட்டு வந்து ஓட்டினேன்: பாதி வளைவு. என் வளைவுகள் நாளுக்கு நாள் மாறியதற்கு நான் டீ குடித்த நேரம்தான் காரணம்.

ஸ்டூலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். எம்.எஸ்சி. முதல் வருஷப் பாடம். பத்து மார்க் கேள்வி. குளுக்கோஸுக்கு இரண்டு வடிவம் உண்டு. டப்பாவில் தூளாக இருக்கும்வரை எல்லாம் ஒரே வடிவம். தண்ணீரில் போட்டதும் மெல்ல மெல்ல மற்ற வடிவத்துக்கு மாறி, சில மணி நேரத்தில் இரண்டும் ஒரு விகிதத்துக்கு வந்து அடங்கும். அந்த இரண்டில் புதிதாக உண்டாகிற வடிவம்தான் வேகமாக வினை புரிகிறது. அடங்குவதற்கு முன்பே அளந்தால், மாறிக்கொண்டிருப்பதை அளக்கிறோம். கோடு வளையத்தான் செய்யும். ஃப்ரக்டோஸ் சில நிமிஷங்களில் மாறி முடித்துவிடும், அதனால் அதில் தகராறே வரவில்லை. இத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்தது ஒரு மூளையில் இருந்தது, கரைத்தது வேறு மூளை.

எழுந்து, மேசைக்கு மேலே இருந்த பேச்சிமுத்துவின் அலமாரியைப் பார்த்தேன். குளுக்கோஸ் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு லேபிளிலும் தேதி, பக்கத்தில் "மாலை". அவர் வந்து சேர நேரமாகும் என்பதால், முந்தின நாள் சாயங்காலமே கரைத்து வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறார். வந்ததும் கையில் எடுத்து ஓட்டியிருக்கிறார். இராத்திரி முழுக்க அடங்கிய குளுக்கோஸ். என் பாட்டிலிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில்தான் அது இவ்வளவு நாளும் இருந்தது.

அன்றைக்கு அவரைக் காலையில் கரைக்க வைத்தோம். என் முன்னால். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஜூலை 24, புதன்

மேடத்திடம் சொன்னேன். இராத்திரி முழுக்க வைத்திருந்து இன்று காலை ஓட்டியதையும் சேர்த்து ஐந்து வரைபடங்களை மேசையில் பரப்பினேன். அவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "முப்பது வருஷமா ஃப்ரெஷ், ஃப்ரெஷ்னு காட்டுக்கத்தல் கத்திருக்கேன்" என்றார். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் தீசிஸ்ல குளுக்கோஸ் இருக்கு, தெரியுமா? அதுல ஒரு கோடு வளஞ்சுது. வெயில் படுதுன்னு எழுதினேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. ஆனால் சீக்கிரம் நின்றுவிட்டது.

"நாளன்னைக்கு மீட்டிங். நான் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கான். அவன் வராம நான் மட்டும் சொன்னா, கெய்டு காப்பாத்தப் பாக்குதான்னு நெனைப்பாங்க. நீ போய்க் கூட்டிட்டு வா."

"நானா மேடம்?"

"பின்ன? எலக்ட்ரீசியனா போவாரு?"

ஜூலை 25, வியாழன்

டிபன் டப்பாவை ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். இரண்டு பஸ். இரண்டாவது பஸ் நின்று நின்று போனது, ஓர் இடத்தில் டிரைவர் இறங்கிப்போய் யாருக்கோ மருந்துச் சீட்டைக் கொடுத்துவிட்டு வந்தார். இதில்தான் தினமும் வருகிறாரா என்று நினைத்தேன். நானாக இருந்தால் பாதி வழியிலேயே ஆராய்ச்சியை விட்டிருப்பேன்.

அவர் மாமாவின் மாட்டுத்தீவனக் கடையில் இருந்தார். புண்ணாக்கு நிறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தராசு ஒரு கணம் ஆடியது.

"என்ன, இங்கன?"

"உங்க கோடு சரி. என்னுதுதான் தப்பு" என்றேன். பஸ்ஸில் தயார் செய்து வைத்திருந்த முன்னுரையெல்லாம் மறந்துபோய்விட்டது. அப்படியே கொட்டினேன்: பாத் புகைந்தது, மதியம் ஓட்டியது, இரண்டு வடிவம், அடங்குவது. நடுவில் ஒருவர் வந்து தவிடு கேட்டார். கட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.

"அன்னைக்கு உங்க முன்னாடி போட்டப்ப எனக்கும் வளஞ்சுதே?"

"அன்னைக்குக் காலையிலதானே கரைச்சீங்க. நாங்கதானே கரைக்கச் சொன்னோம்."

கையில் இருந்த எடைக்கல்லைக் கீழே வைத்தார். அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நான் இத்தன நாளா என்ன நெனச்சிட்டிருந்தேன் தெரியுமா?" என்றார். குரல் தணிந்திருந்தது. "எனக்கே தெரியாம மாத்தி எழுதிட்டேனோன்னு. தூக்கக் கலக்கத்துல, கோடு நேரா வரணும்ங்கிற ஆசையில, நீலம் போகுறதுக்கு முன்னாலயே போயிட்டுன்னு எழுதிட்டேனோன்னு. ஒவ்வொரு பாயின்ட்டா நெனச்சு நெனச்சுப் பாத்தேன். ஒருகட்டத்துல, ஆமா, நான் அப்படிப்பட்டவன்தான் போலன்னு நம்பிட்டேன்."

குற்றம் செய்ததால் ஓடிவிட்டார் என்று நான் நினைத்தேன். அவர் தன்னைத்தானே விசாரித்து, தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

"சாயங்காலமே கரைச்சு வைக்கேன்னு நான் ஒளிச்சா வச்சேன்?" என்றார். "பக்கத்துலதான இருந்தீங்க. எப்படிக் கரைக்கீங்கன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேம்லா."

கேட்டிருக்கலாம். மேடத்தின் அறை வரை நடந்துபோய்ச் சொல்லத் தெரிந்தது, பக்கத்து ஸ்டூலில் கேட்கத் தெரியவில்லை. ஏன் என்று யோசித்தால், அவரிடம் பேசுவதென்றாலே எனக்கு நாக்கு ஒரு சுற்று தடித்துப்போகிறது. அது ஏன் என்று மேற்கொண்டு யோசிக்கவில்லை.

"தப்புதான். பெரிய தப்பு" என்றேன். "நாளைக்கு மீட்டிங்ல அத நானே சொல்லுதேன். நீங்க வந்தா போதும்."

அவர் வருகிறேன் என்று சொல்லவில்லை. டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தார். "கழுவிட்டீங்களா" என்றார். பிறகு, "கடைசி பஸ் போயிரும், கெளம்புங்க."

ஜூலை 26, வெள்ளி

வந்தார். நான்காவதாக ஒரு சட்டை இருந்திருக்கிறது. நீலம், தேய்த்தது.

ஆய்வுக்குழுவில் மதுரையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். கசங்காத மனிதர். "இந்தப் பையன் விஷயத்துல ஒரு குறிப்பு வந்திருக்கே" என்று ஆரம்பித்தார். மேடம் என்னைப் பார்த்தார். எழுந்தேன்.

"சார், அந்தச் சந்தேகத்தக் கிளப்பினது நான். அது தப்பு. தப்பா இருந்தது என்னோட ரீடிங்" என்று சொல்லி, வரைபடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். காலை, டீக்குப் பிறகு, மதியம், மறுநாள். கசங்காதவர் தாள்களின் மேல் குனிந்தார். சட்டை மடிந்தது.

"அடடே. அப்ப இத்தன பேரு பேப்பர் போட்டிருக்காங்களே, கரைச்சு எவ்வளவு நேரங்கழிச்சு எடுத்தோம்னு ஒருத்தரும் எழுதலயே. யாரு கண்டுபிடிச்சது இத?"

"பேச்சிமுத்து, சார். அவர் கரைசல்தான் முதல்ல இருந்தே சரியா இருந்தது."

பேச்சிமுத்து எழுந்து நின்றார். "இல்ல சார். நான் கண்டுபிடிக்கல. எங்க ஊரு பஸ்ஸு லேட்டு சார்."

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டார். பதிவு தொடர்கிறது. கேலக்டோஸ், மானோஸ் என்ற வேறு இரண்டு சர்க்கரைகளையும் இதே மாதிரி பார்த்துவிட்டு, கரைத்த நேரத்தோடு கட்டுரை எழுதச் சொல்லிவிட்டார்கள். இருவர் பெயரிலும்.

வராந்தாவில் அவர் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். கூட்டத்தில் ஒருமுறையும் என் பக்கம் பார்க்கவில்லை. எட்டிப் பிடித்து மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன்.

"அதான் எல்லாருக்கும் முன்னாடி சொல்லிட்டீங்கல்லா" என்றார். கோபம் போகவில்லை. போக வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது. படிக்கட்டு வரை வந்தோம். அங்கே நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"திங்கக்கெழம எங்க அக்கா பிள்ளைக்கு மொட்ட போடுதோம். மத்தியானந்தான் வருவேன். எனக்கும் சேத்து கேலக்டோஸ் கரைச்சு வச்சிருங்க."

எங்கள் தொழிலில் ஒருவர் கரைசலை இன்னொருவர் தொடுவதில்லை. எடையில் ஒரு துளி பிசகினால் மாதக்கணக்கில் உழைத்தது போய்விடும். எப்பேர்ப்பட்ட நண்பர்களும் அவரவர் பாட்டிலை அவரவரே நிரப்பிக்கொள்வார்கள். நான் சரி என்று தலையாட்டினேன்.

ஜூலை 28, ஞாயிறு

விடுமுறை. வாட்ச்மேனிடம் சாவி கேட்டு வாங்கி, சாயங்காலம் ஆய்வகத்தைத் திறந்தேன். தராசைப் பூஜ்ஜியத்தில் நிறுத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு எடை போட்டேன். கரைத்தேன். லேபிளில் தேதி, "மாலை", பேச்சிமுத்து என்று எழுதினேன்.

கீழே, கரைத்தது இசக்கியம்மாள் என்று முழுப்பெயரையும் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.